கோட்டின் மேல் விழுந்த பந்து

முதன்முதலில் அக்காவை நான் பார்த்தபோது என் கழுத்தில் சவரக்கத்தி இருந்தது. திரும்பிப் பார்க்க வழியில்லை. எதிரே இருந்த கண்ணாடியில்தான் பார்த்தேன். தோளில் நீளமான மட்டைப் பை, கையில் சாப்பாட்டுத் தூக்கு, ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே.

நான் வேலையில் சேர வந்த நாள் அது. இயன்முறை மருத்துவத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த மிதப்பு நடையிலேயே தெரிந்திருக்கும். சட்டை புதுசு, ஷூ புதுசு, சான்றிதழ் வைத்திருந்த உறைகூடப் புதுசு. முகம் மட்டும் கிராமத்திலிருந்து பேருந்தில் தூங்காமல் வந்த முகம். கிளினிக் இருந்த தெருவிலேயே ஒரு சலூன் கண்ணில் பட்டதும் நுழைந்து உட்கார்ந்துவிட்டேன்.

சலூன்காரர் நுரையைத் தடவிக்கொண்டே என்ன வேலை என்று விசாரித்தார். சொன்னேன்.

“அப்போ தோள்பட்டை வலிக்கெல்லாம் பார்ப்பீங்களா தம்பி?”

“பார்ப்பேண்ணே.”

“என் பொண்ணுக்குத் தோள்தான் தொல்லை. டென்னிஸ் ஆடுது. உலகத்துல ஐந்நூத்துச் சொச்சம்.”

பின்னால் பெஞ்சில் காத்திருந்த மளிகைக்கடைக்காரர் செய்தித்தாளை இறக்கினார். “ஐந்நூறுன்னா, முன்னாடி ஐந்நூறு பேர் நிக்கிறாங்கன்னு அர்த்தம்ணே.”

“சரி. நீ உலகத்துல எத்தனாவது மளிகைக்கடை?”

செய்தித்தாள் மறுபடி மேலேறியது.

மற்ற சலூன்களில் முடிவெட்டு மாதிரிகள் தொங்கும் இடத்தில் இங்கே ஒரே ஒரு பெரிய படம் இருந்தது. மெலிந்த ஒரு பெண், செம்மண் அப்பிய காலுறை, கையில் ஒரு வெற்றிக் கோப்பை. யாரோ ஒருவரின் குழந்தையை ஒரு நிமிடம் வாங்கி வைத்திருப்பவர் போல அதைப் பிடித்திருந்தார்.

“அந்தக் கப்பு எப்படி வந்துச்சு தெரியுமா?” என்று ஆரம்பித்தார் சலூன்காரர். கத்தி கழுத்தில் இருக்கும்போது வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? “தகுதிச் சுற்றுன்னு ஒண்ணு உண்டு. அதுல ஜெயிச்சாத்தான் போட்டிக்குள்ளயே விடுவாங்க. அதுல கடைசி பாயிண்ட். எதிர்ல ஆடுன பொண்ணு இடக்கை. ஓரமா ஓங்கி ஒண்ணு விட்டுச்சு பாருங்க…” என் கிருதாவின் ஓரத்தைக் கத்தியின் முதுகால் தொட்டார். “இதுதான் கோடு.” பிறகு சுண்டுவிரலில் துளி நுரை எடுத்து, கிருதாவைவிட்டுச் சற்றுத் தள்ளி என் கன்னத்தில் பொட்டு வைத்தார். “பந்து இங்க. வெளியே. ஒரு விரக்கடை. அந்த ஒரு விரக்கடை இல்லேன்னா இந்தப் படமே இல்லை. அதுக்கப்புறம் அந்த வாரம் பூரா என் பொண்ணு தோக்கவே இல்லை தம்பி.”

அப்போதுதான் வாசலில் அந்த உருவம் வந்து நின்றது.

“அப்பா, சாப்பாடு.”

“உள்ள வாம்மா. இந்தத் தம்பி தோளெல்லாம் பார்ப்பாராம்.”

கண்ணாடி வழியாக அவர் பார்த்தது என்னை அல்ல, என் கன்னத்தில் இருந்த நுரைப் பொட்டை. தூக்கை வாசற்படியிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

“ரொம்ப அடக்கம்,” என்றார் சலூன்காரர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வாரமே தோளைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்றேன். பேச்சுவாக்கில் அவர் அப்பாவை அண்ணே என்றும் சொல்லிவிட்டேன். “என்னை எங்கப்பாவுக்கே தங்கச்சி ஆக்கிட்டீங்களே தம்பி,” என்று சிரித்தார். அன்று முதல் உறவுமுறை அப்படியே நின்றுவிட்டது.

என் அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு பச்சைத் திரை, முனகிக்கொண்டே ஓடும் ஒரு கருவி, பக்கத்து மெக்கானிக் பட்டறையைப் பார்த்த ஒரு ஜன்னல். ஒரு போட்டிக்கும் அடுத்த போட்டிக்கும் இடையில் அக்கா அங்கே வந்து உட்காருவார். நான் தோளைத் திருப்பிப் பிடித்துவிடுவேன், அவர் பேசுவார். டென்னிஸ் என்றால் எனக்குத் தொலைக்காட்சியில் கண்டதுதான்: பச்சைப் புல், கூட்டம், பந்து எடுத்துக் கொடுக்க ஆள். அக்கா ஆடிய டென்னிஸில் அதெல்லாம் இல்லை. அது ஊருக்கு வெளியே, கிடங்குகளுக்குப் பின்னால் நடந்தது. பார்க்க வருபவர்கள் எதிராளியின் அம்மாவும், வழி தவறி வந்த யாரோ ஒருவரும். விடுதிக் குளியலறையில் துணியைத் துவைத்து ஜன்னல் கம்பியில் போட வேண்டும். காயாவிட்டால் ஈரத்தோடு ஆட வேண்டும். ஜெயித்தால் இன்னொரு நாள் அந்த அறை. தோற்றால் அன்றைக்கே காலி.

“திங்கள் ஆட்டம், செவ்வாய் பஸ்ஸு. உலகத்துல பாதி ஊரை நான் திங்கட்கிழமை மட்டும்தான் பார்த்திருக்கேன் தம்பி.”

விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி, தொழில் என்ன என்று கேட்டாராம். “டென்னிஸ்” என்றாராம் அக்கா. “அது சரிம்மா, தொழில்?” என்றாராம் அவர். பல்லில் கம்பி கட்டிய பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி இவரை ஓட ஓட விரட்டி ஜெயித்துவிட்டு, வலையருகே கை கொடுக்கும்போது, “தேங்க்ஸ் ஆன்ட்டி” என்றாளாம். கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர், “டிவியில எப்பம்மா வருவ?” என்று கேட்டதற்கு, “கரண்ட் போனப்புறம் வருவேன் மாமா” என்று சொன்னாராம்.

இத்தனை வெட்கக்கேட்டையும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறவர், அப்பாவின் கடைப் பேச்சு எடுத்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வார். வீட்டிலிருந்து கிளினிக்குக்கு நேர்வழி சலூனைத் தாண்டித்தான். அக்கா பின்தெருவைச் சுற்றிக்கொண்டு வருவார்.

ஒருநாள் கணுக்கால் சுளுக்கோடு ஓர் இளைய ஆட்டக்காரி வந்தாள். திரைக்கு அந்தப்பக்கம் அக்காவின் குரலைக் கேட்டதும் கண்ணை விரித்தாள். “தாராளம் அக்காவா உள்ள இருக்கிறது?”

“தாராளமா?”

அக்கா போகும்வரை காத்திருந்து விளக்கினாள். பெரிய போட்டிகளில் கோட்டுக்குக் கோடு ஆளோ கருவியோ இருக்கும். இவர்கள் ஆடும் தகுதிச் சுற்றுகளில் எதுவும் கிடையாது. தன் பக்கம் விழுகிற பந்து உள்ளேயா வெளியேயா என்று ஆடுகிறவரே சொல்ல வேண்டும். அவரவர் நாக்குதான் நடுவர்.

“எல்லாரும் கொஞ்சம் அப்படி இப்படித்தான் சொல்லுவோம் சார். அக்கா மட்டும் சந்தேகமா இருந்தாலே எதிராளிக்குக் குடுத்துடுவாங்க. சில சமயம் நல்லாவே வெளியே விழுந்ததைக்கூட. அவங்க கோச் ஒருதரம் வேலிக்கு அந்தப்பக்கம் நின்னு கத்தினார், ‘நீ ஆட வந்தியா, தானம் பண்ண வந்தியா’ன்னு. அப்படிக் குடுக்காம இருந்திருந்தா அவங்க எங்கேயோ போயிருப்பாங்க.”

எனக்குப் பெருமையாக இருந்தது. இப்பேர்ப்பட்டவருக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று ஊருக்குப் போன் செய்து அப்பாவிடம்கூடச் சொன்னேன். அடுத்தமுறை அக்கா வந்தபோது, “என்னக்கா, உங்களுக்குத் தாராளம்னு பட்டப்பேராமே?” என்றேன்.

பிடித்திருந்த கையை உருவிக்கொண்டார். “அந்தப் பேரைச் சொல்லாதீங்க தம்பி.”

கொஞ்ச நாளில் டென்னிஸ் சங்கத்தின் செயலாளர் சலூனுக்கு வந்தார். தலையில் கறுப்புச் சாயம் பூசி, காதைச் சுற்றித் துணி கட்டி அவரை உட்கார வைத்திருந்தார் சலூன்காரர். நான் பெஞ்சில் என் முறைக்குக் காத்திருந்தேன்.

“ஆண்டு விழாவுல உங்க பொண்ணுக்கு விருது,” என்றார் செயலாளர், சாயம் வழியாமலிருக்கத் தலையை அசைக்காமல். “நேர்மையான ஆட்டக்காரர்னு ஒரு விருது, இந்த வருஷம் புதுசா ஆரம்பிக்கிறோம். அந்த இடக்கைப் பொண்ணு, உங்க பொண்ணோட சிநேகிதி, ஆட்டத்தை விட்டுட்டு இப்போ ஸ்கூல்ல விளையாட்டு டீச்சரா இருக்குல்ல, அதுதான் வந்து நாலு வார்த்தை பேசி விருதைக் கையில குடுக்கப்போகுது. நீங்களும் மேடை ஏறணும்.”

“நானா?”

“பெத்தவர் இல்லாமலா?”

எப்போதும் அடுத்தவர் தலையையே பார்த்திருந்த அந்தக் கண்ணாடியில் சலூன்காரர் அன்று தன் தலையைப் பார்த்தார். “எனக்கு யார் வெட்டிவிடுவா?” என்றார்.

மறுநாள் அக்கா கிளினிக்குக்கு வந்தார். முறைப்படி அன்று அவர் வரவேண்டிய நாள் அல்ல. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“தம்பி, கையைத் தூக்கவே முடியலைன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க.”

“தோள் நல்லாத்தானே இருக்குக்கா?”

“அது எனக்கும் தெரியும்.”

சான்றிதழில் மை காயாத டாக்டர் நான். பொய்ச் சீட்டு எழுத மனம் வரவில்லை. எழுத மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

செம்மண் ஆடுகளத்தில் பந்து விழுந்தால் தடம் பதியும். எதிராளி சந்தேகப்பட்டால், பந்து விழுந்த பக்கத்தில் ஆடுகிறவர் அந்தத் தடத்தைச் சுற்றி மட்டை நுனியால் ஒரு வட்டம் போட்டுக் காட்ட வேண்டும். எதிராளி வலையைத் தாண்டி வந்து பார்க்கலாம். தடம் கோட்டைத் தொட்டிருந்தால் பந்து உள்ளே.

“கடைசி பாயிண்ட்டுன்னு அப்பா சொல்லுவாரே, அது நிஜம்தான். அவ அடிச்ச வேகத்துல எனக்கு வாய் முந்திடுச்சு. ‘அவுட்’னு கத்திட்டேன். அதுவரைக்கும் அது பொய் இல்லை தம்பி, பயம். கிட்டப் போய்ப் பார்த்தேன். தடம் பாதி கோட்டு மேல ஏறி இருக்கு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கலாம். ஆனா பக்கத்துலயே இன்னொரு தடம் இருந்துச்சு. கொஞ்சம் முன்னாடி விழுந்த வேற பந்தோட தடம். அது ஒரு விரக்கடை வெளியே. நான் குனிஞ்சு அதைச் சுத்தி வட்டம் போட்டேன். அழகா போட்டேன். கை நடுங்கக்கூட இல்லை.”

தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“அவ தாண்டி வந்து பார்த்திருந்தா ரெண்டு தடத்தையும் பார்த்திருப்பா. வரவே இல்லை. வலைகிட்ட நின்னுட்டு, ‘நீ பார்த்தியா? நீ சொன்னாச் சரி’ன்னு கையை நீட்டிட்டா. அந்த வாரம் நாங்க ஒரே அறையில தங்கியிருந்தோம். அன்னைக்கு என் காலுறை காயலைன்னு அவளோடதை வாங்கித்தான் போட்டிருந்தேன். தோத்தவ அன்னைக்கே அறையைக் காலி பண்ணிட்டுப் போயிட்டா. வாரக் கடைசியில கப்பை வாங்கறப்பவும் என் கால்ல அவ காலுறைதான். அப்பா மாட்டி வச்சிருக்காரே, அந்தப் படத்துல இருக்கிறது.”

பட்டறையில் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னொண்ணு தெரியுமா? அந்த பாயிண்ட் அவளுக்குப் போயிருந்தாலும் ஆட்டம் முடிஞ்சிருக்காது. அப்புறமும் நானே ஜெயிச்சிருக்கலாம். அதைத் தெரிஞ்சுக்க முடியாமப் பண்ணிட்டேன். அன்னையிலிருந்து எந்தப் பந்தையும் வெளியன்னு சொல்ல நாக்கு எழலை. கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். அதுக்குப் பேரு நேர்மையாம். அதுக்கு விருதாம். அவ கையாலயே.”

நான் பேனாவைச் சட்டைப்பையில் செருகினேன். அவரும் சீட்டைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. எழுந்து போகும்போது திரையைப் பிடித்துக்கொண்டு, “அவ விழாவுக்கு முந்தின நாளே வரா. சங்கத்து மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் கூட இருங்க தம்பி. இல்லேன்னா நான் ஓடிடுவேன்,” என்றார்.

இடக்கைக்காரர் சத்தமும் சிரிப்புமாக வந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. ஊருக்குக் கிளம்பும்போது கழற்ற மறந்துவிட்டாராம். “என்னடி தாராளம், எலும்பும் தோலுமா ஆயிட்ட? உங்கப்பா முடியைத்தான் வெட்டுறார்னு நினைச்சேன், உன்னையும் சேர்த்து இழைச்சுட்டாரா?” என்று முதுகில் ஒன்று வைத்தார். அக்கா பையிலிருந்து ஒரு ஜோடி காலுறையை எடுத்து நீட்டினார். துவைத்து மடித்திருந்தது, செம்மண் கறை முழுசாகப் போகவில்லை.

“அடிப்பாவி, இதை இன்னுமா வச்சிருக்க? உனக்குக் குடுத்ததை மறந்துட்டு, விடுதிக்காரன்தான் திருடிட்டான்னு அவனைத் திட்டிட்டிருந்தேன்.”

மதியம். கடைசி ஆடுகளத்தில் யாரும் இல்லை. தண்ணீர் தெளித்துப் பெருக்கி வைத்திருந்ததால் தரையில் ஒரு தடமும் இல்லை. அக்கா கோட்டோரத்துக்குப் போய் மண்டியிட்டார். ஒரு பந்தைக் கோட்டின் மேல் பாதி படும்படி வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். அதே பந்தை ஒரு விரக்கடை தள்ளி வைத்து மறுபடி அழுத்தினார். இரண்டாவது தடத்தைச் சுற்றி விரலால் வட்டம் போட்டார்.

“நான் உனக்குக் காட்டினது இது,” என்றார். பிறகு முதல் தடத்தைத் தொட்டார். “நீ அடிச்சது இது.”

இடக்கைக்காரருக்கு எந்த ஆட்டம், எந்தப் பந்து என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“திருப்பிச் சொல்லு.”

“உள்ளதான் விழுந்துச்சு.”

“உள்ளயா?”

“உள்ள.”

அவர் குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்தார். “நான் கண் டாக்டர்கிட்டப் போனேன்டி,” என்றார்.

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

“உள்ள விழுந்ததை நான் என் கண்ணால பார்த்தேன். நீ வெளியன்னு வட்டம் போட்டுட்ட. நீ பொய் சொல்லுவன்னு எனக்குத் தோணவே இல்லை. அப்போ என் கண்ணுதானே கெட்டிருக்கணும்? டாக்டர் ஒண்ணும் இல்லைன்னார். அவருக்கு ஒண்ணும் தெரியலைன்னு இன்னொருத்தர்கிட்டப் போனேன். கண்ணாடி வாங்கி அதைப் போட்டு ஆடிப் பார்த்தேன். தலை சுத்தி ஆடுகளத்துலயே வாந்தி எடுத்தேன். அப்புறம் ஓரமா அடிக்கிற அந்த அடியையே விட்டுட்டேன். கண்ணு சரியில்லாதவ எதுக்குக் கோட்டோரமா அடிக்கணும்னு, எல்லாத்தையும் நடுவுலயே போட்டேன். எதிர்ல ஆடுறவளுக்கெல்லாம் கொண்டாட்டம். என்கிட்ட இருந்ததே அந்த ஒரு அடிதான்.”

“என்னை மன்னிச்…”

“அது இருக்கட்டும். எவ்வளவு உள்ள?”

“பாதிப் பந்து.”

“பாதிப் பந்து,” என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எழுந்து, வட்டத்துக்குள் இருந்த தடத்தை ஷூவால் தேய்த்து அழித்தார். கோட்டின் மேலிருந்ததை விட்டுவிட்டார். காலுறையைப் பைக்குள் திணித்தார். “நாளைக்கு நான் பேச மாட்டேன். திட்டவும் மாட்டேன். நீ என்ன செய்யணுமோ செஞ்சுக்கோ.” அன்றைய பேருந்திலேயே கிளம்பிவிட்டார். அக்கா வாசல்வரை கூடப் போகவில்லை. அந்த இடத்திலேயே மண்டியிட்டபடி இருந்தார்.

விழா அன்று காலை முகம் மழிக்க சலூனுக்குப் போனேன். சலூன்காரரின் புதுச்சட்டை இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கியது. என் தாடையில் நுரை போட்டுக் கத்தியை வைத்திருந்தார். பெஞ்சில் வழக்கம்போல மளிகைக்கடைக்காரர். கண்ணாடியில் அக்கா தெரிந்தார். அன்று இரண்டு காலும் உள்ளே இருந்தன.

“அப்பா, அந்தப் படத்தைக் கழட்டுங்க.”

“ஏம்மா, மேடைக்கு எடுத்துட்டுப் போகவா?”

“அந்தக் கடைசிப் பந்து உள்ள விழுந்ததுப்பா. நான்தான் வேற தடத்தைக் காட்டி ஏமாத்திட்டேன். நேத்து அவகிட்டயே சொல்லிட்டேன். விருது வாங்கப் போறதில்லை.”

என் மூச்சு நின்றது. கத்தி நிற்கவில்லை. தொண்டைக்குழியைத் தாண்டி, தாடை வளைவில் ஏறி, காதுக்குக் கீழே முடிந்தது. சலூன்காரர் கத்தியைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“இத்தனை பேர்கிட்டச் சொன்னேனேம்மா,” என்றார்.

அக்கா தலை குனிந்து நின்றார்.

“இந்த நாற்காலியில உட்காராத ஆளு இந்தத் தெருவுல கிடையாது. இத்தனை பேர் கழுத்துல கத்தியை வச்சுப் பொய் சொல்லியிருக்கேன்.”

“நீங்க சொல்லலைப்பா, நான்தான்.”

“நீ என்கிட்ட ஒருதரம் சொன்ன. ஊருக்கெல்லாம் சொன்னது நான்.”

மளிகைக்கடைக்காரர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். அது தலைகீழாக இருந்தது. சலூன்காரர் முக்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினார். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

அக்கா அங்கிருந்தே செயலாளருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். கடை அமைதியாக இருந்ததால் மறுமுனைக் குரல் எங்களுக்கும் கேட்டது. “அதெல்லாம் பழைய கதை, விடும்மா. பேனர் அடிச்சாச்சு,” என்றார் அவர். அக்கா வரமாட்டேன் என்று வைத்துவிட்டார். மாலையில் நான் மட்டும் போனேன். தோள்பட்டைக் காயம் காரணமாக வர இயலவில்லை என்று செயலாளர் ஒலிபெருக்கியில் சொல்லி, விருதைத் தானே வாங்கித் தானே மேசையில் வைத்தார். தெரிந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள், தோளுக்கு வைத்தியம் பார்க்கிறவன் நான்தானே. ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சலூன்காரர் ஒரு வாரம் வாயே திறக்கவில்லையாம். அதற்குப் பிறகு திறந்தார். அப்புறம் மூடவே இல்லை. நான் போனபோது நாற்காலியில் தபால்காரர் இருந்தார்.

“உங்களுக்கு ஒரு கதை சொன்னேன்ல, டென்னிஸ் கதை? அதுல ஒரு திருத்தம் இருக்கு.” கிருதாவின் ஓரத்தைத் தொட்டார். “இதுதான் கோடு.” சுண்டுவிரலில் நுரை எடுத்தார். இம்முறை பொட்டைக் கிருதாவின் மேலேயே, பாதி முடியிலும் பாதி தோலிலும் வைத்தார். “பந்து இங்க விழுந்துச்சு. உள்ள. என் பொண்ணு வெளியன்னு சொல்லிடுச்சு. நான் உங்களுக்குச் சொன்னது தப்பு. அன்னைக்கு விழாவுல தோள் காயம்னாங்களே, அதுவும் இல்லை. தோள் நல்லாத்தான் இருக்கு. இதோ இந்தத் தம்பியையே கேளுங்க.”

தபால்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

“சரி, அதை எதுக்குண்ணே இப்போ?” என்றார் தபால்காரர்.

“நான் குடுத்ததை நான்தானே திருப்பி வாங்கணும்?”

தெரு முழுக்க அப்படித் திருப்பி வாங்கினார். கேட்காதவர்களுக்கும் சொன்னார். பழைய கதையையே கேட்டிராத புது ஆட்களுக்கு முதலில் பழைய கதையைச் சொல்லி, பிறகு திருத்தத்தைச் சொன்னார். மளிகைக்கடைக்காரர் பொறுக்கமாட்டாமல் ஒருநாள், “அண்ணே, இப்போ உலகத்துல எத்தனாவது?” என்று கேட்டுவிட்டார். வழக்கமான பதில் வரவில்லை. “கீழ போயிட்டிருக்கு,” என்று மட்டும் சொன்னாராம்.

அக்காவால் தாங்க முடியவில்லை. “நான் செஞ்சதைச் சொல்லிட்டேன், அது சரி. அதுக்காகத் தினம் தினம், ஆள் ஆளா, நுரையில பொட்டு வச்சுச் சொல்லணுமா?” என்று என் அறையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். “பால் வாங்கப் போனா பால்காரர், ‘பரவாயில்லம்மா, மனுஷன்னா அப்படித்தான்’ங்கிறார். திட்டினாக்கூடத் தேவலை தம்பி.” அப்பாவை நிறுத்தச் சொல்லிக் கேட்டாரா என்றேன். கேட்டாராம். “நீ அந்தப் பொய்யை மைதானத்துலயே நிறுத்தியிருந்தா நான் கடையில ஆரம்பிச்சிருக்கவே மாட்டேன்” என்று சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு அக்கா கேட்கவில்லை.

சலூனில் தலை கொடுப்பவர்களில் விளையாட்டுக்காரர்களும் உண்டு. பேச்சு மைதானத்துக்குப் போனது, அங்கிருந்து மற்ற ஊர் மைதானங்களுக்கும் போனது. தாராளம் என்ற பெயர் நின்றுபோனது. வேறு பெயர் வைத்திருப்பார்கள். என்ன என்று நான் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

இடக்கைக்காரரிடமிருந்து ஒரே ஒரு தடவை செய்தி வந்தது. அக்கா போனை என்னிடம் நீட்டினார். “ஸ்கூல் மைதானத்துல கோடு போட்டு அந்த அடியை அடிச்சுப் பார்த்தேன். நிறைய வெளியேதான் போகுது. சிலது உள்ள விழுது.” அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அந்தச் செய்தி இன்னும் பதிலில்லாமல் கிடக்கிறது.

அக்கா இன்னும் ஆடுகிறார். உலகத் தரவரிசையில் ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டார். தோள் ஒத்துழைக்கிற மாதங்களில் தகுதிச் சுற்றுகளுக்குப் போகிறார். மற்ற நாட்களில் காலை வேளையில் சங்கத்தின் கடைசி ஆடுகளத்தில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். கோப்பை வீட்டில் கட்டிலுக்கு அடியில், பழைய ஷூக்களோடு இருக்கிறது. யாருக்கும் இப்போது தானம் கொடுப்பதில்லை. உள்ளே விழுந்ததை உள்ளே என்கிறார், வெளியே விழுந்ததை வெளியே என்கிறார். அவர் வெளியே என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் எதிராளி வலையைச் சுற்றிக்கொண்டு வந்து, குனிந்து, தடத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். அதுவரை அக்கா மட்டையைப் பின்னால் பிடித்தபடி ஓரமாக ஒதுங்கி நிற்கிறார்.